குசான்குவைக் காஞ்சிபுரத்துக்கு இழுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் கராத்தே பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள் தேநீர்க்கடையில் அதே பக்கத்தில் வடை சுற்றித் தந்தார்கள், சரி, இனி எழுதாமல் விட ஏலாது என்று நினைத்துக்கொண்டேன். கொக்குவில் பக்கம் இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்குகிறவன் நான். கடிதம் நீண்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், 1762 ஆம் ஆண்டுக் கப்பல் கதையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கட்டுரை சொன்னது இதுதான்: காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய் சாவோலின் மடத்துப் பிக்குகளுக்கு அடிமுறை பழக்கினார், அது யப்பானுக்குப் போய்க் கராத்தே ஆனது, ஆகவே காட்டாக்கள், அதாவது குத்து, உதை, தடுப்பு எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் கோத்துத் தனியாகச் செய்யும் அசைவுப் பாடங்கள், எல்லாம் தமிழனின் சொத்து. போன மாதம் ஒரு பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினரும் இதையேதான் பேசினார். நல்ல கைதட்டல். மேடைக்குக் கீழே என் மாணவி ஒருத்தி நின்றாள், பதின்மூன்று வயது, அப்போதுதான் கான்கு டாய் காட்டாவை (தலைப்பில் நான் சொன்ன குசான்குவுக்கு எங்கள் பள்ளியில் உள்ள பெயர்) செய்து முடித்து வியர்வை ஆறாமல் நின்றவள். திரும்பி என்னைப் பார்த்து, "அப்ப ஏன் மாஸ்டர் இதுக்குத் தமிழ்ப் பேர் இல்லை?" என்று கேட்டாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை, வகுப்பில் சொல்கிறேன் என்று கையால் காட்டினேன். பிறகு வகுப்பிலும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த மற்றவர்களுக்கும் உங்கள் வாசகர்களுக்கும் யார் சொல்வது?

முதலில் போதிதர்மரை முடித்துவிடுவோம், நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547 ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி என்பவர் லோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதியதில் வருகிறது. அதில் அவர் பாரசீகத்துப் பிக்கு. அடுத்து தான்லின் என்பவரின் குறிப்பில் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன். தென்னிந்தியா என்று இருக்கிறது, அதற்குச் சந்தோசப்படுவோம். ஆனால் காஞ்சிபுரம், பல்லவர் என்ற பேச்சு அங்கே இல்லை, இரண்டு குறிப்பிலும் தேடினாலும் ஒரு குத்தோ ஓர் உதையோ கிடையாது. அவருடைய பெயரில் உலாவும் யிசின் சிங் என்ற நூல் 1624 இல்தான் தலைகாட்டுகிறது, அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் பிந்தி. அதுவும் உடம்பை உறுதியாக்கும் பயிற்சி நூல், சண்டை நூல் அல்ல. அதன் பழைய முன்னுரை போலி என்று கடந்த நூற்றாண்டிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் எழுதிவிட்டார். சீனரே வேண்டாம் என்று வைத்துவிட்ட கதையை நாங்கள் ஏன் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, கதை நடந்த இடத்துக்கு வருவோம். ஒக்கினாவா. யப்பானின் பெரிய தீவுகளுக்கும் தாய்வானுக்கும் இடையில் சங்கிலியாகக் கிடக்கும் தீவுகளில் பெரியது அது. 1879 வரை ரியூக்யூ என்ற பெயரில் தனி இராச்சியம். சீனப் பேரரசருக்குத் திறை கட்டியது, 1609 இல் தென் யப்பானின் சட்சுமாப் பிரபுவின் படை வந்து பிடித்த பிறகு யப்பான் பக்கத்துக்கும் திறை கட்டியது. பெரிய ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிப் பிழைத்த சின்னத் தீவு, யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. சீனாவில் இருந்து வியாபாரம் வந்தது, தூதர் வந்தார்கள், நாஹா துறைமுகத்துக்குப் பக்கத்தில் குமே என்ற ஊரில் சீனக் குடும்பங்களே வந்து குடியிருந்தன. கைச்சண்டையும் அந்த வழியில் வந்தது. அதை அவர்கள் ஒருநாளும் மறைத்ததில்லை, தோதி என்றே பெயர் சொன்னார்கள், அதாவது தாங் நாட்டுக் கை, சீனக் கை. எங்கள் பக்கத்துப் பழைய கைச்சண்டையைச் சீனடி என்று சொல்லுவோமே, கிட்டத்தட்ட அதே மாதிரியான பெயர்.

இனித்தான் கப்பல். 1762 இல் ரியூக்யூக் கப்பல் ஒன்று சட்சுமாவுக்குப் போகும் வழியில் புயலில் அடிபட்டு, எங்கேயோ போக வேண்டியது தோசா என்ற பிரதேசத்தின் ஓசிமாக் கரையில் ஒதுங்கியது. இன்றைய கோச்சி மாகாணம் அது. கரையில் ஏறியவர்களைத் தோபே யோசிஹிரோ என்ற அறிஞர் உட்கார வைத்து, உங்கள் ஊரில் என்ன உடுப்பீர்கள், எப்படிப் பேசுவீர்கள் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார். ஓசிமா ஹிக்கி என்ற அந்தக் குறிப்பில் சண்டை பற்றியும் சில வரிகள் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன்பு சீனாவில் இருந்து கூசான்குன் என்பவர் மாணவர் சிலரோடு ரியூக்யூவுக்கு வந்தார், பிடித்துச் சண்டை செய்யும் வித்தையில் கெட்டிக்காரர், ஒரு கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மற்றக் கையால் வேலை செய்வார், காலையும் நன்றாகப் பயன்படுத்துவார், பார்த்தால் மெலிந்த மனிதர், ஆனால் தன்னைப் பிடிக்க வந்த பலசாலியை விழுத்தினார். 1756 இல் ரியூக்யூ அரசருக்கு முடிசூட்ட வந்த சீனத் தூதுக்குழுவோடு இவர் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

என் மாணவி செய்த காட்டாவுக்கு இந்த மனிதரின் பெயர்தான். ஒக்கினாவாவில் குசான்கு, சில பள்ளிகளில் கோசோகுன், எங்கள் சோத்தோகான் பள்ளியில் கான்கு. அவரிடம் கற்றவர் சூரி நகரத்துச் சக்குகாவா என்று வழிவழியாகச் சொல்கிறார்கள், ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயரே தோதி சக்குகாவா. அவருக்குப் பிறகு அரசரின் மெய்க்காவலராக இருந்த மட்சுமுரா சோக்கோன், அவரிடம் கற்ற இத்தோசு அங்கோ, இத்தோசுவிடம் கற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஃபுனாகோசி கிச்சின். காட்டாவை அந்தச் சீனரே கோத்தார் என்று நான் சொல்ல வரவில்லை, அவருடைய பெயரை வைத்து ஒக்கினாவாக்காரர் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியது இது.

இத்தோசுவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வகுப்பில் வெள்ளைப் பட்டியோடு நிற்கும் ஏழு வயதுக் குழந்தைகூட அவருடைய கையால்தான் சாப்பிடுகிறது. 1901 இல் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். அதுவரை அது இரவில், மதிலுக்குப் பின்னால், ஆள் தெரிந்து பழக்கிய வித்தை. பெரிய காட்டாக்களைப் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்க முடியாது என்று, குழையல் சோற்றைச் சின்னக் கைக்கு ஏற்ற உருண்டையாகத் திரட்டிக் கொடுப்பது மாதிரி, குசான்குவில் இருந்து துண்டு துண்டாக எடுத்து ஐந்து சிறிய காட்டாக்கள் செய்தார். பினான் என்றார், ஃபுனாகோசி அதே எழுத்தை யப்பானிய முறையில் ஹெயான் என்று வாசித்தார், அமைதி என்ற பொருள். கான்கு டாய் பழகத் தொடங்கும் பிள்ளைகள் இரண்டாம் வாரம் சிரித்துக்கொண்டு வந்து, "மாஸ்டர், இது ஹெயான் நிதானில இருக்கு" என்பார்கள். உண்மைதான். பக்கவாட்டு உதை, திரும்பி மூன்று கத்திக்கைத் தடுப்பு, கடைசியில் நீட்டிய விரல் நுனியால் நேராகக் குத்து, இந்தத் துண்டு அப்படியே அங்கே இருக்கிறது. இடது கை நெற்றிக்கு மேலே போக வலது கையின் விளிம்பு கழுத்தை வெட்டி, உடனே முன்னுதை போகும் துண்டு ஹெயான் யோந்தானில் இருக்கிறது. பேரப்பிள்ளையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பேரனாரைச் சந்திக்கிற மாதிரி.

இனி அசைவுகள். சோத்தோகானில் கான்கு டாய்க்கு 65 அசைவு என்று எண்ணுவார்கள், எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை, பயப்பட வேண்டாம். முதலாவதை மட்டும் வடிவாகச் சொல்கிறேன், அது விளங்கினால் போதும்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நிற்க வேண்டும். அடிவயிற்றுக்கு முன்னால் வலது கை விரல்களை இடது கை விரல்களுக்கு மேலே சரித்து வைத்து, இரண்டு பெருவிரலும் ஒன்றை ஒன்று தொட, நடுவில் ஒரு சின்ன முக்கோண யன்னல் வரும். முழங்கையை மடக்காமல் அந்த யன்னலை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும், கண்ணும் கூடவே போகும், நெற்றிக்கு மேலே வந்ததும் யன்னலுக்குள்ளால் வானம் தெரியும். அங்கே ஒரு மூச்சு நிற்க வேண்டும். பிறகு கைகள் வெடுக்கென்று பிரிந்து, இரண்டு பக்கமும் பெரிய வட்டமாக ஆறுதலாக இறங்கி, வலது கையின் விளிம்பு இடது உள்ளங்கையில் வந்து சேரும். இவ்வளவுதான். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் இதை ஒரு வணக்கம் மாதிரி செய்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். பார்க்க வருகிற பெற்றோரும் சூரிய நமஸ்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஒருவர் என்னிடம் கேட்டே விட்டார்.

ஒருநாள் அதே பதின்மூன்று வயதுப் பிள்ளையையும் சாதாரண தரம் எழுதக் காத்திருந்த நெடிய பெடியன் ஒருவனையும் எதிரெதிரே நிறுத்தினேன். அவளுடைய சட்டையின் இரண்டு விளிம்பையும் இறுகப் பிடி என்றேன். அவனுடைய கைகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தாள், அவன் சிரித்தான். இப்போது காட்டாவின் முதல் அசைவைச் செய் என்றேன். கைகளைச் சேர்த்து, அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் கீழே இருந்து ஆப்பு இறக்குகிற மாதிரி மேலே செலுத்தினாள், யன்னல் அவனுடைய முகத்துக்கு நேரே வந்ததும் அவன் தன்னை அறியாமல் தலையைப் பின்னால் எடுத்தான், தலை போனதும் பிடி தளர்ந்தது, கைகள் பிரிந்தபோது அவனுடைய கைகள் இரண்டு பக்கமும் சிதறின. அவளுடைய வலது கை விளிம்பு கீழே இறங்கி அவனுடைய இடுப்புக்கு மேலே வந்து நின்றது, நல்ல காலம், நின்றது. அந்தப் பெடியன் அதற்குப் பிறகு அந்த வணக்கத்தை அவசரப்பட்டுச் செய்வதில்லை.

இது ஒன்றுதான் விளக்கம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்குப் பள்ளி வேறு விளக்கம் உண்டு, அதற்குப் பங்காய் என்று பெயர், பிரித்துப் பார்த்தல். ஆனால் 1762 இல் கப்பல்காரர் சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடிக்க வந்த பலசாலி, பிடிபட்ட மெலிந்த மனிதர். அதேபோல ஒரு கை நெஞ்சில் என்று அவர்கள் சொன்னார்களே, கத்திக்கைத் தடுப்பில் முன்கை வேலை செய்யும்போது பின்கை எங்கே இருக்கிறது? நெஞ்சுக்குழிக்கு முன்னால், உள்ளங்கை மேலே பார்க்க. இடுப்புக்கு இழுத்துக்கொள்ளும் கையும் இப்படித்தான், அது சும்மா போய் இடுப்பில் இருக்கவில்லை, மற்றவனின் சேட்டுக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது என்று வைத்துச் செய்தால் குத்தின் அர்த்தமே மாறிவிடும். குத்தும் உதையும் தூர நின்று விளையாடும் விளையாட்டுக்கு. காட்டா கிட்ட நின்று, சட்டையில் பிடி விழுந்த பிறகு நடக்கிற சோலி. இது என்னுடைய கருத்து, மறுப்பவர்கள் என் வகுப்புக்கு வந்து சட்டையைப் பிடிக்கலாம்.

இன்னோர் இடம் உண்டு, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. முடிவுக்குக் கிட்ட, ஓர் உதைக்குப் பிறகு உடம்பைத் திருப்பிச் சட்டென்று தரையில் விழுந்து, இரண்டு உள்ளங்கையும் நிலத்தில், ஒரு கால் மடங்கி ஒரு கால் பின்னால் நீண்டு, முகம் மட்டும் நிமிர்ந்து முன்னால் பார்க்கும். தலைக்கு மேலே பொல்லு வீசும்போது பதுங்குவது என்பார்கள் சிலர். குசான்கு இரவுச் சண்டைக்கான காட்டா, இருட்டில் எதிரி தெரியாவிட்டால் நிலத்தோடு நிலமாகப் பதிந்து பார்த்தால் வானத்தில் அவனுடைய உருவம் தெரியும், அதற்குத்தான் இது என்பார்கள் வேறு சிலர்.

எங்கள் மாஸ்டர் இரண்டாவது கட்சி. 1991 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் ஏது, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்ன விலை விற்றது என்று உங்கள் மூத்த வாசகர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜாம் போத்தல் விளக்கை வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு விட்டுவிட்டு நாங்கள் எட்டுப் பேர் வெறும் முற்றத்தில் இருட்டில் பழகுவோம். அமாவாசை கிட்டிய ஓர் இரவு மாஸ்டர் எங்களை வேலிக்குப் பின்னால் இருந்த வெறுங்காணிக்குக் கூட்டிக்கொண்டுபோய், நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று குரலை மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிட்டார். நின்றபடி பார்த்தோம், பின்னால் இருந்த வேலியின் கறுப்போடு ஆள் கலந்துவிட்டார். இப்போது விழுந்து பாருங்கள் என்றார். மணலில் கையை ஊன்றி முகத்தை நிமிர்த்தினேன். நட்சத்திரத்துக்கு நடுவில் வேலிக்கு மேலே அவருடைய தலையும் தோளும், வட்டு இல்லாத மொட்டைப் பனை மாதிரி, பத்தடி தூரத்தில். எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. இது பின்னால் கட்டிய கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், செய்து பார்க்கக்கூடிய கதை. போதிதர்மர் கதையை எந்த முற்றத்தில் செய்து பார்ப்பது?

பெயருக்கு வருகிறேன், பிள்ளை கேட்டது அதுதானே. 1922 இல், ஐம்பது வயதைத் தாண்டிய ஃபுனாகோசி தோக்கியோவுக்குப் போய், ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் கோடோகான் மண்டபத்தில் செய்து காட்டியது இந்தக் குசான்குவைத்தான். கராத்தேக்காரர் இன்று அணியும் வெள்ளை உடையும் பட்டியும் ஜூடோவில் இருந்து வந்தவை, ஃபுனாகோசி முதன்முதலாகக் கறுப்புப் பட்டி கொடுத்தது 1924 இல். சாவோலினில் இருந்து கறுப்புப் பட்டியோடு வந்த மாதிரி கட்டுரையில் படம் போட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். சீனப் பெயர்கள் யப்பானியர் வாயில் நுழையவில்லை, காலமும் அப்படி, ஆகவே காட்டாக்களின் பெயரை அவர் மாற்றினார், குசான்கு கான்கு ஆனது. கான் என்றால் நோக்குதல். கூ என்ற எழுத்துக்கு வானம், வெறுமை இரண்டும் பொருள். கராத்தே என்ற சொல்லில் உள்ள கரா இதே எழுத்துத்தான், வெறுங்கை. பௌத்தர் சூனியம் என்று சொல்வதற்கும் இதே எழுத்து. வானத்துக்கும் வெறுமைக்கும் ஒரே சொல் தமிழில் உண்டா என்று யோசித்தால், இருக்கிறது, வெளி. ஆகாய வெளி, வெட்டவெளி. பிள்ளையிடம் சொன்னேன், உனக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் வெளிநோக்கல் என்று வைத்துக்கொள், பெயரை நாங்கள் மொழிபெயர்க்கலாம், அப்பனை மாற்ற முடியாது. அவளுக்குப் பிடித்திருந்தது, கொப்பியின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

2021 ஓகஸ்ட் 5 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் காட்டா இறுதிப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பெயினின் சான்ட்ரா சான்செசும் யப்பானின் சிமிசு கியோவும் இருவருமே செய்தது சத்தன்யாரா குசான்கு, இதே குடும்பத்தின் இன்னொரு கிளை, சத்தன் ஊர் யாரா என்பவரின் வழியில் வந்தது. தங்கம் ஸ்பெயினுக்குப் போனது. அதற்காகக் குசான்கு எங்கள் தாத்தா என்று எந்த ஸ்பெயின்காரரும் கிளம்பவில்லை. வடிவாகச் செய்தார், கொண்டுபோனார். எங்கள் பிள்ளைகளும் அப்படிச் செய்யலாம், அதற்குப் பல்லவர் தேவையில்லை.

எனக்கு இந்தக் கட்டுரையில் உண்மையான மனத்தாங்கல் வேறு. 1945 ஒக்கினாவாச் சண்டையில் சூரி அரண்மனை தரைமட்டமானது, ஏடுகள் போயின, குசான்குவின் இன்னொரு வழியைக் காப்பாற்றிய கியான் சோத்தோக்கு போன்ற பெரிய ஆசிரியர்கள் அந்த வருடமே இறந்தார்கள். ஏடு எரிந்தால் என்ன ஆகும் என்று 1981 ஐப் பார்த்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் யாழ்ப்பாண நூலகத்தில் போனது 97,000 புத்தகம். ஒக்கினாவாவில் காட்டா மிஞ்சியது, அது ஆட்களின் உடம்பில் இருந்தது. அந்தச் சீனரைப் பற்றிய சில வரிகள் மிஞ்சின, ஏனென்றால் தற்செயலாகக் கரை ஒதுங்கிய ஆட்களிடம் ஒருவர் மினக்கெட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அந்தச் சண்டைக்கு முன்பே, 1936 ஒக்டோபர் 25 இல், நாஹாவில் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, கராத்தேக்குச் சீனக் கை என்று எழுதுவதா வெறுங்கை என்று எழுதுவதா என்று வாதாடினார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டியது யார் தெரியுமா? ரியூக்யூ சிம்போ என்ற உள்ளூர்ப் பத்திரிகை.

எங்கள் சீனடிக்கும் சிலம்படிக்கும் யார் கூட்டம் கூட்டினார்கள்? காஞ்சிபுரத்துக்கு அரைப்பக்கம் கிடைத்தது, வடமராட்சிக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. அங்கே எண்பது வயதைத் தாண்டிய அப்பு ஒருவர் இருக்கிறார், பெயரை அவரிடம் கேட்காமல் எழுத மாட்டேன். சின்ன வயதில் தன் அம்மானிடம் சீனடி கற்றவர். போன தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் போயிருந்தபோது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் நாலு காலடி வைத்துக் காட்டினார். முழங்கால் இப்போது மடங்காது, ஆனால் திரும்பும்போது குதிக்கால் மணலில் ஒரே வட்டமாகக் கோடு போட்டது, திருத்த இடமில்லை. இடது கை நெஞ்சோடு இருந்தது. நான் அதில் இருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை, மனிதனுக்கு நெஞ்சு ஒன்றுதான், காப்பாற்றத்தான் பார்ப்பான். அடுத்தது என்ன அப்பு என்று கேட்டேன். "அடுத்தது இருந்தது தம்பி, என்னோட பழகினவன் செத்துப்போனான், அவன்ர பக்கம் எனக்கு வராது" என்றார். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் பாடமாம் அது, இவரிடம் பாதிதான் இருக்கிறது.

அந்தப் பாதியை எழுத ஆள் அனுப்புங்கள், ஆசிரியர் அவர்களே. போதிதர்மர் பற்றிய திருத்தத்தை இரண்டு வரியில் போட்டாலும் போதும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஐந்து மணிக்குப் பிறகுதான் அப்பு வீட்டில் இருப்பார், அதுவரை தோட்டம். கமராவைக் கண்டால் எழும்பி உள்ளே போய்விடுவார், ஆகவே முதல் நாள் நிருபர் கொப்பியும் பேனையும் மட்டும் கொண்டுவரட்டும், பழைய ஆட்களோடு கதைத்துப் பழகியவராக இருந்தால் நல்லது. பருத்தித்துறை வரை பஸ்சில் வந்தால் அங்கிருந்து என் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
கராத்தே பழக்கும் ஒருவன்,
கொக்குவில்.